சுண்ணம் சுமந்தவர்கள்

இலக்கியக் கட்டுரைகள் வெளிவரும் இப்பகுதியில், கட்டைவிரல் நுனியளவேயுள்ள ஒரு நீலக் கட்டியைப்பற்றி எழுதப் புகுந்தமைக்காக வாசகர்கள் நம்மை முனிந்துகொள்ளலாகாது. மன்னர்களின் முடியையும் வாளையும் பற்றி எழுதுவதே சரித்திரம் என்று நாம் நெடுநாள் கற்பிக்கப்பட்டு வந்தோம். முடி தரித்தவனைப்பற்றி எழுதினோர் பலர். அம்முடியிருந்த பெட்டியைத் தலைமேற் சுமந்து நடந்தவனைப்பற்றி எழுதினோர் மிகச் சிலரே. சிறிய பொருளொன்றின் வரலாற்றை ஆராயத் தொடங்கினால், அதனைச் செய்தவர் யார், பயன்படுத்தியவர் யார், பிறர் பயன்படுத்தும்பொருட்டுக் கையில் ஏந்தி நின்றவர் யார் என மூன்று வினாக்கள் எழும். முதலிரண்டிற்கும் புத்தகங்களில் விடை கிடைக்கும். மூன்றாவது வினாவிற்கு விடை பெரும்பாலும் வீட்டுத் திண்ணைகளிலேதான் கிடைக்கும்.

நாம் கடலுக்கு இப்பால், செபராங் பிறையிலுள்ள ஒரு தோட்டத்தில் கிராணி வேலை பார்த்து வருகின்றோம். மாதத்திற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை படகேறி ஜார்ஜ் டவுனுக்குச் செல்வதும், பினாங்கு வீதிப் பக்கத்துக் கடைத்தெருவில் வீட்டுச் சாமான்களை வாங்கிக்கொண்டு, பொழுதிருந்தால் நண்பரொருவருடன் கோற்பந்து மண்டபத்தில் ஒரு மணி நேரம் கழிப்பதும் நமது வழக்கம். பில்லியர்ட்ஸ், ஸ்நூக்கர், பூல் என்று மூன்று பெயர்களால் வழங்குவன யாவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளேயாதலின், இக்கட்டுரையில் அவற்றைக் கோற்பந்து என்றே பொதுவாகக் குறிப்போம்.

சென்ற முறை அம்மண்டபத்தில் நாம் கண்ட காட்சியே இக்கட்டுரைக்கு வித்து. ஒரு மேசையில் ஆடிய தமிழிளைஞன் இடுப்பு வாரில் ஒரு காந்தக் கொளுவியை மாட்டியிருந்தான். கட்டியின் அடியிலே சிறியதோர் இரும்புத் தகடு. கையால் இழுத்தால் வருகின்றது, திரும்பக் கொண்டுபோனால் 'டக்'கென்று ஒட்டிக்கொள்கின்றது. அடுத்த மேசையில் சீன முதியவரொருவர், சட்டைப் பையிலிருந்து கட்டியை எடுத்துத் தேய்த்து, மறுபடியும் பைக்குள் வைத்துக்கொண்டார். மூன்றாம் மேசையில் மலாய் இளைஞர் இருவர் ஒரே கட்டியை மேசையின் மரச்சட்டத்தின் மீது வைத்து, முறைக்கு ஒருவராக எடுத்து ஆடினர். மூன்று மேசை, மூன்று வழக்கம்! அவற்றைக் கண்டதும், நமது வீட்டுப் பெட்டியில் இருக்கும் பழையதொரு தைல டப்பி நம் நினைவுக்கு வந்தது. அதனைப்பற்றிப் பின்னர்ச் சொல்லுவோம்.

கோலின் முனையில் இக்கட்டியைத் தேய்ப்பது எதற்கு என்பதை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும். பந்தோ வழுவழுப்பானது. கோலின் நுனியில் ஒட்டப்பட்டிருப்பதோ ஒரு சிறு தோல் வில்லை. பந்தின் நடுவே குத்தினால் அது நேரே ஓடும். அப்பொழுது சுண்ணம் இன்றியமையாததன்று. ஆனால், கைதேர்ந்தவன் நடுவில் மட்டும் குத்துவதில்லை. மேலே குத்தினால் பந்து முன்னோடும். கீழே குத்தினால் மற்றொரு பந்தைத் தொட்டபின் பின்வாங்கி வரும். பக்கத்தே குத்தினால் பம்பரம்போற் சுழன்று சட்டத்தில் மோதிக் கோணம் மாறிச் செல்லும். நடுவைவிட்டு விலக விலகத் தோல் வழுக்கும். வழுக்கினால் பந்து தாறுமாறாக ஓடும். சிற்சில சமயங்களில் மேசைத்துணியே கிழியும். தோலும் பந்தும் ஒன்றையொன்று ஒரு கணம் பற்றிக்கொள்வதற்காகவே இச்சுண்ணம் பூசப்படுகின்றது. பற்று இல்லையேல் சுழற்சி இல்லை; சுழற்சி இல்லையேல் இவ்வாட்டத்தில் வித்தை என்று சொல்லத்தக்கது பெரிதாக ஒன்றுமில்லை.

தோல்முனை தோன்றிய வரலாறு சிறைச்சாலையொன்றில் தொடங்குகின்றது. பிரான்சு தேசத்தில் மிங்கோ என்னும் படைத்தலைவர் அரசியற் கைதியாக அடைபட்டிருந்தபோது, கோலின் வெறுமரத்து நுனியில் தோலை ஒட்டி ஆடிப் பழகினார் என்பர். 1807-ஆம் ஆண்டில் வெளிவந்த அவர், பாரிஸ் நகரத்தாருக்குத் தம் வித்தைகளைக் காட்டி வியப்பித்தார். 1827-இல் அதனைப்பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். சிறைக்கதவின் பின்னேயும் மனிதனுடைய அறிவு சும்மா இருப்பதில்லை என்பதற்கு இஃது ஒரு சான்று.

தோல் வந்தது, அதற்கேற்ற சுண்ணம் வேண்டாவா? இங்கிலாந்தில் பாத் என்னும் நகரத்திலே பார்ட்லி என்பவர் ஒரு கோற்பந்து மண்டபம் நடத்திவந்தார். அம்மண்டபத்தில் ஜான் கார் என்பவர் 'மார்க்கர்' வேலையில் இருந்தார். மார்க்கர் என்பவன், பிறர் ஆடும்போது எண்ணிக்கை கூறி, பந்துகளை எடுத்து வைத்துப் பணிசெய்பவன். கார் தம் எசமானிடம் பக்கச்சுழற்சி வித்தையைக் கற்றுத் தேறி, ஆட்டக்காரர் கண்முன்னே பந்தை நினைத்த வழியில் வளைத்து ஓட்டினார். கண்டவர் மயங்கி, "இது எவ்விதம் கூடும்?" என்று கேட்க, எல்லாம் தம் பொடியின் மகிமையே என்றார் கார். சாதாரணச் சுண்ணப்பொடியையே மாத்திரைச் சிமிழ்களில் அடைத்து, 'சுழற்றும் பொடி' என்று பெயரிட்டு நல்ல விலைக்கு விற்றார். வாங்கியவர் பலர், அவரைப்போல ஆடியவர் எவருமிலர். நம் நாட்டில் விபூதிப் பொட்டலத்தையும் தாயத்தையும் நம்பிக் காசு கொடுப்போர் மட்டுமே பேதைகள் என்று எண்ணவேண்டாம். கைப்பழக்கத்தால் வருவதைப் பொடியால் வருவதாக நம்பும் மதி எல்லா நாட்டிலும் உண்டு.

எனினும், கார் செய்தது வெறும் ஏமாற்று என்று தள்ளிவிடுவதற்கில்லை. சுண்ணம் உண்மையிலேயே பயன்தரும் பொருள். அதனை ஆட்டக்காரர் தம்முடன் எடுத்துச்செல்லத்தக்க சிமிழொன்றில் அடைத்துத் தந்த செய்கை வரலாற்றில் நினைவுகூரத் தக்கது. பிறர் ஆட எண்ணிக்கை சொல்லி நின்ற ஒரு பணியாளரே அதனைச் செய்தார் என்பதை வாசகர்கள் மனத்திற் குறித்துக்கொள்ள வேண்டுகிறோம். 1825-ஐ ஒட்டி, இங்கிலாந்தின் முதல்வன் எவன் என்று தீர்மானிக்க எட்வின் கெண்ட்பீல்டு என்பவருடன் கார் பொருத நேர்ந்தபோது, நோயுற்றமையால் ஆடமுடியாமற் போயிற்று. கெண்ட்பீல்டு அப்பட்டத்தை ஏற்று 1849 வரையில் வைத்திருந்தார்.

மாத்திரைச் சிமிழில் சுண்ணப்பொடி என்று படித்தபோது நமக்கு ஒரு புன்முறுவல் தோன்றிற்று. நம் மூதாதையர் வெற்றிலைக்குரிய சுண்ணாம்பைப் பித்தளைக் கரண்டகத்தில் இட்டு, சங்கிலி கோத்து, மடியிற் செருகிக்கொண்டு நாடெல்லாம் நடந்தவர்களல்லரோ? பையில் வைத்தால் சட்டை கெடும், கையில் வைத்தால் விரல் வேகும், திறந்து வைத்தால் காய்ந்துபோகும் என்னும் மூன்று தொல்லைகளையும் ஒரு சிறு மூடியால் தீர்த்துவிட்டனர். இன்று மேனாட்டில் காந்தத்தாலும் ரப்பராலும் செய்து விற்கப்படும் கருவிகள் தீர்க்க முயல்வதும் ஏறக்குறைய இதே தொல்லையைத்தான்.

நிற்க. இக்காலத்துக் கட்டியில் உண்மையான சுண்ணமே இல்லை என்று சொன்னால் பலர் வியப்பர். அமெரிக்காவில் ஸ்பிங்க்ஸ் என்னும் புகழ்பெற்ற ஆட்டக்காரர், பிரான்சிலிருந்து வந்த ஒரு துண்டுச் சுண்ணம் மற்றவற்றினும் நன்கு பற்றுவதைக் கண்டார். அதனைச் சிகாகோ நகரத்து இரசாயன நிபுணராகிய வில்லியம் ஹாஸ்கின்ஸ் என்பவரிடம் கொடுத்துச் சோதிக்கச் செய்தார். அஃது எட்னா என்னும் எரிமலையின் சாம்பற்கல் என்று தெரியவந்தது. பின்னர் இருவரும் முயன்று, மணற்சத்தாகிய சிலிகாவையும், குருந்தக்கல்லின் சத்தாகிய அலுமினிய ஆக்சைடையும் பசையுடன் சேர்த்துக் கட்டியாக்கி, 1897-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 9-ஆம் தேதி காப்புரிமை பெற்றனர். கரும்பலகைச் சுண்ணம் மெதுவானது. தோலில் உதிர்ந்து போய்விடும். இப்புதிய கட்டியின் நுண்துகள்களோ கூரியவை. தோலில் பதிந்து நின்று பந்தைப் பற்றும். சாயம் கலந்து, பச்சையாகவும் நீலமாகவும், கனசதுர வடிவில், பக்கங்களில் காகிதம் ஒட்டி விற்கத் தொடங்கினர். இன்றும் அமெரிக்காவில் 'மாஸ்டர்' என்னும் பெயரால் வழங்கும் கட்டி இவ்வினத்தைச் சேர்ந்ததே.

மேற்புறத்தில் சிறு குழியும் மற்றைப் புறங்களில் காகிதமும் உள்ள இவ்வடிவமே, அதனைக் கையாளும் முறையையும் வகுத்தது. குழி எப்பொழுதும் மேனோக்கியிருத்தல் வேண்டும். கவிழ்த்து வைத்தால் பச்சைத் துணியிலோ மரச்சட்டத்திலோ நீலக்கறை படியும். அங்கிருந்து ஆடுவோன் கையிலும் சட்டையிலும் ஏறும். தேய்க்கும்போதும் கோலைக் குழிக்குள் விட்டுத் திருகலாகாது. திருகினால் கட்டியின் நடு மட்டும் தேய்ந்து பள்ளமாகி, விளிம்பு கோலின் வெண்பூணைக் கறைப்படுத்தும். ஓவியன் தூரிகையால் வருடுவதுபோலத் தோலின் ஓரமெங்கும் மெல்ல வருடுதலே முறை. இம்முறையறியாது, ஒவ்வொரு தவறான அடிக்குப் பின்னும் கட்டியைக் கோபத்துடன் திருகுவோரை மண்டபங்களில் காணலாம். தமிழில் இக்கட்டிக்குச் 'சாக்கு' என்றே பெயர் வழங்குவது பொருத்தமேயாம். தோற்றவன் முதலில் எடுப்பதும் சாக்கு, சொல்லுவதும் சாக்கு!

இனி, இவ்வாட்டம் நம் கீழ்நாடுகளுக்கு வந்த கதை. ஸ்நூக்கர் என்பது இங்கிலாந்திலே பிறந்ததென்று நம்மவருட் பலர் நினைக்கின்றனர். அது பிறந்தது இந்தியாவிலே. சட்டம் எழுதப்பெற்றதோ தமிழ்நாட்டிலே! 1875-ஆம் ஆண்டில் ஜபல்பூரிலிருந்த படைமுகாமில், மழைக்காலத்தில் பொழுதுபோகாத இளம் அதிகாரிகள் சிலர் பல நிறப் பந்துகளைச் சேர்த்து ஒரு புதிய ஆட்டம் ஆடினர். அவர்களுள் நெவில் சேம்பர்லின் என்பவர், படைப்பள்ளியில் புதிதாகச் சேர்ந்த மாணாக்கரைக் கேலிசெய்யும் 'ஸ்நூக்கர்' என்னும் சொல்லை, எளிய பந்தைத் தவறவிட்ட தோழரொருவர்மீது ஏவ, அதுவே ஆட்டத்தின் பெயராயிற்று. பின்னர் அவர் சென்னைப் படைத்தலைவராயிருந்த ராபர்ட்ஸ் என்பவரின் பணியில் உதகமண்டலத்திற்கு வந்து தங்கினார். அங்கே உதகை கிளப்பின் ஆட்டக்கூடத்தில் 1882-ஆம் ஆண்டில் இவ்வாட்டத்தின் விதிகள் எழுதி மாட்டப்பட்டன. 1885-இல் இங்கிலாந்தின் பெரிய ஆட்டக்காரரான இளைய ஜான் ராபர்ட்ஸ் இந்தியாவுக்கு வந்தபோது, இவ்விதிகளைச் சேம்பர்லினிடமே கேட்டறிந்தார்.

இவ்வரலாற்றைச் சொல்லும் நூல்கள், விதியை எழுதியவரின் பெயரோடு நின்றுவிடுகின்றன. நாமோ வேறொன்றைக் கேட்கின்றோம். பன்னிரண்டடி நீளமும் ஆறடி அகலமுமுள்ள அம்மேசையின் அடித்தளம் கற்பலகையாலாயது. முழுமேசையின் எடை ஒரு டன்னுக்கு மேற்படும். மலை இரயில் குன்னூரை அடைந்ததோ 1899-இல். உதகையை அடைந்தது 1908-இல். அப்படியாயின், 1882-க்கு முன்னே அக்கற்பலகைகள் மலையேறியது எவ்வாறு? மாட்டு வண்டிகளாலும் மனிதர் தோள்களாலுமே அல்லவா? சுமந்தவர் யாவர் என்பதை எந்த நூலும் கூறவில்லை. ஆனால், நீலகிரிச் சாலையில் சுமை ஏற்றிய கைகள் யாருடையவை என்பதை அறிய நூல் தேவையில்லை.

மலாயாவிலும் இவ்வாறே. வெள்ளையர் குடியேறிய இடமெல்லாம் முதலில் ஒரு கிளப்பு, அதனுள் ஒரு கோற்பந்து மேசை என்பது நியதியாயிருந்தது. பினாங்கு கிளப்பு 1868-இல் நிறுவப்பட்டது. பினாங்கில் 1885-இல் ஈஸ்டர்ன் அண்டு ஓரியண்டல் ஓட்டலைத் தொடங்கிய சார்க்கீஸ் சகோதரர்களே சிங்கப்பூரில் ராபிள்ஸ் ஓட்டலையும் நிறுவினர். அவ்வோட்டலின் கோற்பந்துக் கூடம் தூண்கள்மீது உயர்த்திக் கட்டப்பட்டிருந்தது. 1902-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஒரு காட்சிக் கூடாரத்திலிருந்து தப்பிய புலியொன்று அதனடியிற் புகுந்துகொள்ள, அருகிருந்த பள்ளியின் தலைமையாசிரியரை அழைத்துச் சுட்டுக்கொன்றனர். புலி நுழைந்த செய்தி இன்றும் பேசப்படுகின்றது. ஆனால் அக்காலத்து வெள்ளையர் கிளப்புகளில் ஆசியாக்காரர் அங்கத்தினராக நுழைதல் அரிதினும் அரிது என்பதும், நுழைந்தவர் பெரும்பாலும் தட்டு ஏந்தியும் துணி துலக்கியும் சுண்ணம் நீட்டியுமே நுழைந்தனர் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

நமது பாட்டனார் அத்தகைய ஒருவர். 1950-களில், தோட்டத்துரைமார் கூடும் ஒரு கிளப்பில் மார்க்கராக இருந்தார். அதன் பெயர் இங்கு வேண்டா. அவருடைய வேலை பகல் இரண்டு மணிக்குத் தொடங்கும். கம்பளித் துணி நம் நாட்டு ஈரக்காற்றை உறிஞ்சிக்கொண்டால் பந்து மந்தமாக ஓடும். ஆதலின் முதலில் துணியை ஒரே திசையில் துலக்கி, இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டி உலர்த்துவார். பின்னர்ப் பந்துகளைத் துடைத்து, கோல்களை வரிசையாக நிறுத்துவார். துரைமார் வந்தபின் எண்ணிக்கை சொல்லுவார். பந்தை எடுத்துப் புள்ளியில் வைப்பார். எட்டாத பந்துக்குத் தாங்குகோல் எடுத்துத் தருவார். இவையனைத்தினும் அவருக்கு முதன்மையான வேலை, சுண்ணத்தை ஏந்தி நிற்றல்.

அக்கிளப்பில் கட்டியை மரச்சட்டத்தில் வைக்கலாகாது என்பது விதி. பச்சைத் துணி கெடும் என்று அஞ்சினர். துரைமாரின் வெள்ளைச் சட்டைப் பையிலோ அதனை வைக்க விரும்பினாரல்லர். ஆகவே, மார்க்கர் தன் இடக்கையை விரித்து, கட்டியைக் குழி மேனோக்க உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஆடுவோனின் வலப்பக்கம் ஓரடி விலகி நிற்கவேண்டும். அவர் கையைப் பாராமலே எடுப்பார், தேய்ப்பார், பாராமலே திரும்ப வைப்பார். இரவு பதினொரு மணிவரை ஒரு மனிதனுடைய உள்ளங்கை ஒரு தட்டாயிருந்தது.

ஆட்டமில்லாத வேளையில் கட்டியை வைக்க அவருக்கிருந்த இடம் தம் வெள்ளைச் சீருடையின் ஒற்றைப் பை ஒன்றே. பையில் நீலக்கறை ஏறிற்று. கறைபட்ட சீருடைக்காகச் சம்பளத்தில் ஐம்பது காசு பிடித்தனர். நமது பாட்டியார் எலுமிச்சஞ்சாறும் சவுக்காரமும் இட்டுக் கசக்கியும் அக்கறை முற்றும் நீங்கவில்லை. பின்னர்ப் பாட்டனார் ஒரு வழி கண்டார். தலைவலித் தைலம் தீர்ந்துபோன டப்பியொன்றைக் கழுவி, பழைய கம்பளித் துண்டொன்றை அடியில் ஒட்டி, கட்டியை அதனுள் வைத்து மூடினார். அன்றுமுதல் கறையுமில்லை, அபராதமுமில்லை. பாத் நகரத்து மார்க்கருக்குத் தோன்றிய சிமிழ், அவர் பெயரையே கேட்டிராத செபராங் பிறை மார்க்கருக்கும் தோன்றியது. தேவை ஒன்றானால் அறிவும் ஒன்றாகவே வேலை செய்யும். அதற்கு நிறமில்லை, சாதியில்லை.

ஒருநாள் இரவு பெருமழை. கடைசித் துரையும் சென்றபின், கறுப்புப் பந்தொன்று மூலைப்பையின் வாயிலருகே நின்றிருந்தது. எட்டாண்டுகளாகப் பிறர் ஆடக் கண்டவர் பாட்டனார், எக்கோணத்தில் எவ்வளவு விசை வேண்டுமென்பதை அவர் கண் அறியும், கை அறியாது. அவர் டப்பியைத் திறந்து, கட்டியை எடுத்து, கோல்முனையில் மெல்ல வருடி, குனிந்து ஒரே ஓர் அடி அடித்தார். குடையை மறந்துவிட்டுத் திரும்பிவந்த காரியதரிசி வாயிலில் நின்று பார்த்திருந்தார். அவர் இரையவில்லை. "மார்க்கர், உன் வேலை எண்ணுவது" என்று மட்டும் சொன்னாராம். மறுநாள் பாட்டனாருக்கு அரை மாதச் சம்பளம் பிடிக்கப்பட்டது; தோட்ட வேலைக்கு மாற்றப்பட்டு, புல்வெட்டக் கத்தி கொடுக்கப்பட்டது. அவர் பிறகு அக்கூடத்தினுள் கால் வைத்ததில்லை.

நமக்குப் பத்து வயதிருக்கும்போது இக்கதையை அவரே சொன்னார். "தாத்தா, அந்தப் பந்து விழுந்ததா?" என்று கேட்டோம். "விழுந்தது, அய்யா," என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் டப்பியை நம் கையில் வைத்தார்.

இப்பொழுது, சுண்ணத்தை வைத்துக்கொள்ளும் முறைகளை ஒருவாறு ஆராய்வோம். முதலாவது, மேசைச் சட்டத்தில் வைத்தல். பூல் ஆட்டத்தில் இதுவே பெருவழக்கு. கட்டி இருவர்க்கும் பொது என்பது இதன் நற்குணம். துணியில் தூள் சிந்துவதும், எடுத்தவன் மறந்து தன் பையிலிட்டுக்கொண்டு போய்விடுவதும் இதன் குற்றம். பந்தைக் குறிபார்க்கும் அடையாளமாகக் கட்டியைச் சட்டத்தில் வைத்தல் முறைகேடு என்பதையும் புதிதாய் ஆடுவோர் அறிதல் வேண்டும்.

இரண்டாவது, சட்டைப் பையிலோ அரைச்சட்டைப் பையிலோ வைத்தல். ஸ்நூக்கர் வல்லுநர் பெரிதும் கைக்கொள்வது இது. தன் கட்டி தன்னிடமே இருக்கும். ஆனால் உறையின்றி வைத்தால் நம் பாட்டியாருக்கு நேர்ந்த வேலை எல்லார் வீட்டிலும் நேரும். மூன்றாவது, கயிற்றில் கட்டித் தொங்கவிடுதல். பழைய கூடங்களில் இவ்வழக்கம் இருந்தது; கட்டி தொலையாது; ஆனால் ஒவ்வொரு முறையும் கயிறிருக்கும் இடத்திற்கே நடக்கவேண்டும். நான்காவது, தோலாலும் ரப்பராலும் செய்த உறை. தூளை அடக்கும், கையில் பிடிக்கவும் எளிது. ஐந்தாவது, காந்தக் கொளுவி. ஒரு கையாலேயே எடுக்கலாம், வைக்கலாம். விலையுயர்ந்த கட்டியைக் காப்பதற்கு இது நன்று. பின்லாந்து தேசத்து 'டாவோம்' முதலிய உயர்ந்த கட்டிகளை இந்நாளில் பலர் விரும்புவதால் இக்கருவியும் பரவிவருகின்றது. சாதாரணக் கட்டியின் துகள் பந்தில் ஒட்டி, இரண்டு பந்துகள் மோதுமிடத்தில் அகப்பட்டுக்கொண்டால், பந்து துள்ளி வழிதவறும். அத்தகைய துகள் குறைவாகப் படிவதே இவ்வுயர்ந்த கட்டிகளுக்குக் கூறப்படும் பெருமை.

இவ்வைந்தனுள் எது சிறந்தது என்று கேட்பின், அவரவர் கைக்கும் பைக்கும் ஏற்றதே சிறந்தது என்போம். ஆனால் ஆறாவது முறையொன்று இருந்ததே, மற்றொரு மனிதனின் உள்ளங்கையில் வைத்தல்! அது மட்டும் திரும்ப வரலாகாது. ஐந்து முறைகளும் தோன்றி நிலைபெற்றதன் பொருள், ஆடுவோன் தன் சுண்ணத்தைத் தானே சுமக்கத் தொடங்கினான் என்பதே.

சுண்ணம் ஏந்தியிருந்த நாடுகள் கோலேந்தத் தொடங்கிய பின் நடந்ததையும் உலகம் கண்டது. 1958-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் உலகப் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்று, விடுதலை பெற்ற இந்தியாவுக்குத் தனியொருவராக உலகப் பட்டம் பெற்றுத்தந்த முதல்வரானார். 1964-இல் மீண்டும் வென்றார். இலங்கையைச் சேர்ந்த லாபீர் 1973-இல் பம்பாயில் அப்பட்டத்தைப் பெற்றார். 1998-இல் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் முதன்முறையாகக் கோற்பந்து சேர்க்கப்பட்டபோது, பில்லியர்ட்ஸ் இரட்டையர் ஆட்டத்தில் கீத் சேத்தியும் அசோக் சாண்டில்யாவும் பொற்பதக்கம் பெற்றனர். அறிவு பொடியில் இல்லை, பிறப்பிலும் இல்லை. பழகுவதற்கு இடங் கொடுத்தால் கைக்கு வரும் என்பதை இவை மெய்ப்பித்தன.

இவ்வளவும் ஏன் எழுதினோமெனில், நமது தோட்டத்தில் இப்பொழுது ஒரு வழக்கு நடக்கின்றது. இளைஞர் சிலர் தம்முள் காசு சேர்த்து, ஏழடி நீளமுள்ள பழைய பூல் மேசையொன்றை வாங்கிப் பொது மண்டபத்தில் வைக்க விரும்புகின்றனர். பெரியோர் சிலர் மறுக்கின்றனர். "கோற்பந்து மண்டபம் என்றால் குடியும் சூதும் புகையுமன்றோ? பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்" என்பது அவர்கள் கூற்று. அவர்களுடைய அச்சத்தை நாம் இகழ மாட்டோம். பந்தயம் வைத்துச் சம்பளத்தையே இழந்த குடும்பங்கள் தோட்டந்தோறும் உண்டு. கள்ளினாலும் சாராயத்தினாலும் நம் மக்கள் பட்ட பாடும் யாவரும் அறிந்ததே.

ஆனால், குற்றம் பந்திலா, பந்தயத்திலா? கோலிலா, குடியிலா? நம் பாட்டனார் காலத்தில் இவ்வாட்டம் துரைமார்க்கு மரியாதையான பொழுதுபோக்கு. அதனையே நம் பிள்ளைகள் ஆடினால் ஒழுக்கக் கேடு என்று சொல்லுதல், துரைமார் வைத்த வேலியை நாமே மறுபடியும் நடுவதாகும். காசு வைத்து ஆடலாகாது, மது கொண்டுவரலாகாது, இரவு ஒன்பது மணிக்குமேல் விளக்கெரியலாகாது, பெண்பிள்ளைகளுக்கும் முறை உண்டு என்று நான்கு விதிகள் எழுதி மாட்டினால், மேசை ஒரு பள்ளிக்கூடமாகும். கோணமும் விசையும் பொறுமையும் அங்கே கற்கலாம். அந்நான்கோடு நாம் ஐந்தாவது விதியொன்றையும் சேர்க்க வேண்டுகின்றோம்: எவரும் தம் சுண்ணத்தைத் தாமே கொண்டுவரவேண்டும்; இளையவனையோ எளியவனையோ "எடுத்துத் தா" என்று ஏவலாகாது.

இவ்வைந்தாம் விதியைக் கேட்டு நகைத்தவர்களும் உண்டு. ஒரு கட்டியை எடுத்துக் கொடுப்பதில் என்ன தாழ்வு என்று வினவினர். நண்பனுக்கு நண்பன் நீட்டுவதில் தாழ்வில்லை, அது தோழமை. எடுப்பவன் நீட்டுபவனின் முகத்தைப் பாராதிருக்கும்போதுதான் தாழ்வு பிறக்கின்றது. பெரிய அநீதிகள் முதலில் சிறிய வசதிகளாகவே வீட்டிற்குள் நுழைகின்றன. செருப்பை எடுத்துத் தா, தண்ணீரை மொண்டு தா, சுண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நில் என்று தொடங்குவதே, பின்னர் ஒருவன் என்றும் ஆடுபவன், மற்றொருவன் என்றும் எண்ணுபவன் என்னும் சட்டமாக முடிகின்றது. அன்பர்களே, தன் மதிப்பு என்பது மேடையில் மட்டும் பேசப்படும் பொருளன்று. கைக்குள் அடங்கும் கட்டியிலும் அது இருக்கின்றது.

வருகிற பொங்கலுக்குமுன் தோட்டத்தார் கூடி முடிவு செய்வர். நாம் அக்கூட்டத்திற்குப் பாட்டனாருடைய தைல டப்பியைக் கொண்டுசெல்ல எண்ணியுள்ளோம். கம்பளித் துண்டு நைந்துவிட்டது; உள்ளே பழைய கட்டியின் பாதி, குழி மேனோக்கியபடியே இருக்கின்றது. மேசை வருமாயின், முதல் அடிக்கு அக்கட்டியே பயன்படட்டும். அடிப்பவர் யாராயினும், அதனைத் தம் கையாலேயே எடுத்து, தம் கையாலேயே திரும்ப வைக்கட்டும்.